வளர்த்திக்கு இரண்டு விரல்

ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் கடையிலிருந்து புதுத்துணி வாசனை வந்தது.

வைஜெயந்தி நின்றுவிட்டாள். ஹேடோ துறைமுக வார்ஃப் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, டியூஷன் முடிந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, குவார்ட்டர்ஸுக்கு ஏறும் சரிவில் பாதி வழி வந்திருந்தாள். மணி ஐந்தரைகூட ஆகவில்லை, அதற்குள் இருட்டிவிட்டது. கடலுக்கு அப்பால் சென்னைக் கரையில், மெயின்லேண்டில், மாலைக் காப்பிக்குத் தண்ணீர் வைக்கும் நேரத்தில் இந்தத் தீவின் சூரியன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடும். கீழே கடலிலிருந்து டீசலும் கருவாடும் உப்பும் கலந்த வழக்கமான காற்று ஏறி வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றை ஒதுக்கிக்கொண்டு, கஞ்சி விறைப்பும் சாயமும் சாக்குச் சணலுமாக, அப்போதுதான் பிரித்த துணிப் பேலின் வாசனை அவள் மூக்கில் வந்து உட்கார்ந்தது. மூக்குக்கு வயசாவதில்லை. ஒரு நொடி அவள் எட்டு வயசுப் பெண்ணாக அந்தச் சரிவில் நின்றாள்.

"என்னம்மா? சலோ" என்று கையை இழுத்தாள் கார்த்திகா. அவளுக்கும் எட்டு வயசுதான்.

பக்தவத்சலம் ஜவுளி மாளிகை. மாளிகை என்பது பெயரில் மட்டும். தகரக் கூரை போட்ட மரக் கட்டடம், முன்னால் ஒரு ஷட்டர், அவ்வளவுதான். ஆனாலும் துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருந்த ஹேடோ லைன் வீடுகளுக்கு அந்த நாளில் அதுவே தி.நகர், அதுவே மதுரைப் புதுமண்டபம். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இந்த யானை படுத்தபோது எலி மட்டம்கூட மிஞ்சவில்லை. கடை மூடிய அன்று ஊரே "அடடா" என்றது. அடடா சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த வருஷத்துத் தீபாவளித் துணியைப் போனில் வாங்கியிருந்தார்கள். வைஜெயந்தியும்தான் வாங்கியிருந்தாள்.

அதற்குத் தண்டனை போல இந்த வருஷம் அந்தப் போனே அவளைக் கைவிட்டது. கார்த்திகாவுக்கு என்று ஒரு மாதத்துக்கு முன்னால் பதிவு செய்த சிவப்பு ஃபிராக் சென்னை போனது, கொல்கத்தா போனது, மறுபடி சென்னை வந்தது. மூன்று நாளைக்கு முன்னால், இந்தப் பின்கோடுக்கு அனுப்ப இயலவில்லை என்று ஒரு வரியோடு முடிந்தது. நாளை மறுநாள் தீபாவளி. கணவன் சுதாகருக்குக் தெற்கே கேம்பல் பே தீவில் வேலை, லீவு கிடைக்கவில்லை. பஜாரில் ஆபீஸ் விட்டு மூன்று நாள் அலைந்ததில், குழந்தை உடம்பைக் கீறும் ஜிகினாவைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தனக்கு வாய்த்தது போல ஒரே ஒரு தீபாவளி தன் பெண்ணுக்கும் வாய்க்க வேண்டும். அந்த ஒரு தீபாவளியைத்தான் அவள் இத்தனை வருஷமாகத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறாள். வெள்ளைக் கழுத்துப் பட்டி வைத்த சிவப்பு ஃபிராக். அதைப் போட்டுக்கொண்டு லைன் வீட்டு வாசலில் சுற்றிச் சுற்றி வந்தது. அப்பா கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்து, தொட்டால் கறை படும் என்று தொடாமலே நின்று பார்த்தது.

அந்தக் கடைக்கு என்று ஒரு பழக்கம் இருந்தது. சரக்கு கப்பலில்தான் வர வேண்டும்; கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. அதனால் ஆடி மாதமே பிள்ளைகளைக் கூட்டிப் போய் அளவு கொடுத்துவிட வேண்டும். கடை நடுவில் ஒரு படாக் மரத் தூண். டெய்லர் தங்கையா பிள்ளையைத் தூணில் முதுகு ஒட்ட நிறுத்தி, "கண்ண மூடு, தாடையைத் தூக்கு, நான் சொல்ற வரைக்கும் தெறக்கக் கூடாது" என்பார். உச்சந்தலையில் மர ஸ்கேல் வந்து உட்காரும். அந்த உயரத்தில் ஒரு சின்ன ஆணி அடித்து, அதில் ஒரு நூல் கட்டுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம். பிள்ளையே பெட்டியிலிருந்து எடுக்கலாம், பிறகு மாற்றக் கூடாது. வைஜெயந்தி மஞ்சள் எடுத்தாள். "வளர்த்திக்கு ரெண்டு விரல்" என்று தங்கையா கடைசியில் சேர்த்துக்கொள்வார். ஆடியில் நின்ற பிள்ளை ஐப்பசிக்குள் வளர்ந்துவிடும் அல்லவா? அந்த இரண்டு விரல் துணி உள்மடிப்பில் காத்துக்கொண்டிருக்கும். அளவு சென்னைக்குப் போய், உடுப்பாகத் தைத்து, அதே நிற நூல் கட்டிய பொட்டலமாகத் திரும்பி வரும். கப்பல் ஊதினால் போதும், லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இந்தச் சரிவில் வந்து நின்று, தங்கள் நிறத்தைத் தேடும். தேடிக் காத்திருந்த அந்தச் சந்தோஷத்தை எந்தப் போனும் தராது என்று வைஜெயந்தி நினைத்தாள், நினைக்கும்போதே கசந்தது.

"அம்மா, உள்ள லைட்டு."

ஷட்டர் இடுப்பளவு தூக்கியிருந்தது. அடியில் வெள்ளை வெளிச்சம். குனிந்து வெளியே வந்தவர், காலமாகிவிட்ட முதலாளி பக்தவத்சலத்தின் மகன் சிவபிரகாஷ். இப்போது ஊருக்கு அந்தப் பக்கம் டாலிகஞ்சில் மொபைல் கடை வைத்திருக்கிறார். தலைமுடியெல்லாம் ஒட்டடை.

"யாரு, வைஜெயந்தியா? அரே, வாம்மா வா."

"என்னண்ணே, கடையைத் தெறந்திருக்கீங்க?"

"எங்க தெறந்தேன்? காலி பண்றேன். கட்டடத்தக் குடுத்தாச்சு. நாளைக்குக் காலையில ஜேசிபி வருது, லாட்ஜ் கட்டப் போறாங்க." அவர் கார்த்திகாவைப் பார்த்தார். "பாப்பாவா? அச்சா. உள்ள ரெண்டு பண்டல் பிரிக்காமயே கெடக்கும்மா. இவளுக்கு ஏதாச்சும் ஆவுமான்னு பாரு. காசெல்லாம் வேணாம்."

"புதுத்துணி வாசனை வருதேண்ணே."

"புதுத்துணியா?" சிவபிரகாஷ் சிரித்தார். "எனக்கு எலிப்புழுக்கை நாத்தம்தான் வருது."

அவள் குனிந்து உள்ளே நுழைந்தாள். கார்த்திகாவுக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. அவளுடைய இடது ஷூவின் அடி முன்பக்கம் பிளந்து, நடக்கும்போதெல்லாம் சப்பு சப்பென்று தட்டியது. அதையும் புதிதாக வாங்க வேண்டும்.

கரண்ட் இணைப்பைத் துண்டித்துவிட்டார்களாம். கல்லாப் பெட்டி மேல் சிவபிரகாஷின் எமர்ஜென்சி விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் வைஜெயந்தி சுற்றிலும் பார்த்தாள். மேலே எட்ட முடியாத உயரத்தில் இருந்ததாக அவள் நினைத்து வைத்திருந்த தட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் கரையான் அரித்து நின்றன. கண்ணாடி அலமாரிகளில் கண்ணாடி இல்லை. அவள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பெஞ்சு ஒரு கால் போய்ச் சாய்ந்திருந்தது. கூரைத் தகரத்தில் எதுவோ மெதுவாக நகர்ந்து நின்றது. எல்லாம் பாழ். ஆனால் அந்த வாசனை மட்டும் உள்ளே வர வர விறைப்பாக, பச்சையாக, தொண்டையில் ஒட்டும்படி ஏறிக்கொண்டே போனது.

சிவபிரகாஷ் காட்டிய பண்டலைப் பிரித்தாள். உள்ளே செல்லரித்த உள்பாவாடைகள். தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. அவற்றில் புழுக்க நாற்றம்தான் அடித்தது.

"அம்மா, இது என்னது? ராக்கியா?"

கார்த்திகா தூணின் முன்னால் நின்றிருந்தாள். தூண் முழுக்க ஆணிகள், ஆணிகளில் நூல் முடிச்சுகள். கீழே நெருக்கமாகவும் மேலே போகப் போகக் குறைந்தும். வைஜெயந்தி ஏமாற்றத்தையெல்லாம் மறந்து குந்தி உட்கார்ந்தாள்.

"இதுதாண்டி நான். இந்த மஞ்சள். மூணு வயசு, நாலு, அஞ்சு... பாத்தியா?"

"இந்த கிரீன் யாரு? உன் பக்கத்துலயே வருது."

ஒவ்வொரு மஞ்சளுக்கும் பக்கத்தில் ஒரு பச்சை. ஒரே மட்டம். வைஜெயந்திக்குச் சட்டென்று முகம் நினைவுக்கு வந்தது. "இந்திராணி! அடுத்த லைன் பொண்ணு. நாங்க ரெண்டு பேரும் ஒரே உயரம்டி. ரெட்டப் புள்ளைங்கன்னு கேலி பண்ணுவாங்க. அப்புறம் அவ மெயின்லேண்டுக்குப் போயிட்டா."

பின்னால் நின்ற சிவபிரகாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உனக்கு அப்படியா சொன்னாங்க?" என்றார்.

"எப்படி?"

"கிரேன் ஓட்டுன நாகலிங்கம் மக தானே? மெயின்லேண்டுக்கு நாகலிங்கமும் பொண்டாட்டியும்தான் போனாங்க. புள்ள... ஆடியில வந்து அளவு குடுத்துட்டுப் போச்சு. ஐப்பசிக்குள்ள மலேரியா." அவர் கார்த்திகாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அப்பல்லாம் யாராச்சும் செத்துட்டா சின்னப் புள்ளைங்ககிட்ட மெயின்லேண்டுன்னுதான் சொல்றது. இங்க வேற எங்க போக முடியும்?"

வைஜெயந்தி எழுந்தாள். இத்தனை வருஷம் இந்திராணி எங்கோ தஞ்சாவூர்ப் பக்கம் பிள்ளை குட்டியோடு இருக்கிறாள் என்றுதான் நம்பியிருந்தாள். கடிதம் போடவில்லை என்று ஒரு காலத்தில் கோபப்பட்டும் இருந்தாள்.

"அந்த வருஷம் உன் உடுப்பு இருந்த மூட்டை கப்பல் அடித்தட்டுல தண்ணி பட்டுப் போச்சும்மா. இந்திராணி பொட்டலம் மட்டும் நல்லா வந்துச்சு. அப்பா தர மாட்டேன்னுதான் சொன்னாரு. உங்கம்மா அழுது, கால்ல விழாத குறையா வாங்கிட்டுப் போனாங்க. அந்தச் செவப்பு ஃபிராக்கு." அவர் நிறுத்தினார். "விடு. அதெல்லாம் இப்ப எதுக்கு?"

வைஜெயந்திக்கு அடுப்படி ஞாபகம் வந்தது. அம்மா பொட்டலத்தை முதுகு காட்டிக்கொண்டு பிரித்தது. கட்டியிருந்த நூலை உருவி, அவசரமாக அடுப்பில் போட்டது. "என் மஞ்ச நூலு எங்கம்மா?" என்று இவள் கேட்டதற்கு அறை விழுந்தது. அடுப்பில் சுருண்டு எரிந்த நூல் பச்சை. தெரிந்தேதான் இருந்தது; தெரிந்ததை ஃபிராக்குக்கு அடியில் போட்டு மூடி வைத்திருந்தாள், அவ்வளவுதான். அவள் வாழ்நாள் முழுக்கத் தொட்டுத் தின்ற தீபாவளி, செத்த பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கியது. அம்மாவின் மேல் கோபம் வந்தது. செத்துப்போன அம்மாவை என்ன செய்ய?

"தங்கையா மட்டும் ஒத்துக்கவேயில்ல" என்றார் சிவபிரகாஷ். "புள்ள போயிட்டா அந்த நூலையெல்லாம் அறுத்து, உடுப்போட சேத்து வார்ஃபு முனையில கடல்ல விட்டுருவாரு. அந்தத் தடவை அப்பா நூல மட்டும் அறுக்கச் சொன்னாரு. கெழவன் கத்திரியத் தொடல. 'உடுப்பு இன்னொரு ஒடம்புல ஏறிடுச்சு மொதலாளி. இனிமே இத அறுத்தா அந்தப் புள்ளையயும் சேத்து அறுத்த மாதிரி. கெடக்கட்டும், வளரட்டும்'னாரு. பைத்தியம்."

வெளியே டெம்போவின் ஹாரன் அலறியது. ஏற்றத்தில் வண்டி நிற்கவில்லை, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும் என்று யாரோ இந்தியில் கத்தினார்கள். "ஏக் மினிட்" என்று சிவபிரகாஷ் எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு குனிந்து வெளியேறினார்.

இருட்டு கடையை நிறைத்தது. வைஜெயந்தி போன் டார்ச்சைப் போட்டாள். பகலெல்லாம் அந்தப் பார்சல் கம்பெனிக்குப் பேசிப் பேசிச் சார்ஜ் தீர்ந்து, ஓரத்தில் சிவப்புக்கோடு மின்னியது.

போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கை தானாக வெளிச்சத்தைத் தூணில் ஏற்றியது. மூன்று வயசு, நான்கு, ஐந்து, எட்டு. எட்டுக்கு மேல் பச்சை இருக்கக் கூடாது. ஆடியில் அளவு கொடுத்த எட்டு வயசோடு அவள் போய்விட்டாள்.

ஒன்பது வயசு மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இருந்தது.

பத்துக்கும் இருந்தது. வெளிச்சம் மேலே ஏறியது. அவள் தாவணி போட்ட வருஷத்தோடு மஞ்சள் நின்றுபோனது, அவள் தோள் மட்டத்தில். பச்சை நிற்கவில்லை. பச்சை தனியாக ஏறியது. கழுத்து. தாடை. காது. கீழே இருந்த நூல்களெல்லாம் தூசி படிந்து, நிறம் செத்து, சிலந்தி வலையோடு ஒட்டிக் கிடந்தன. மேலே போகப் போக நூல் பளிச்சென்று, ஈரம் போல மினுங்கியது. கடை மூடி ஆறு வருஷம். தங்கையா போய்ச் சேர்ந்து அதற்கும் மேல். கடைசிப் பச்சை முடிச்சின் நுனி, காற்றே இல்லாத அந்த இடத்தில், அப்போதுதான் கட்டிவிட்டுக் கை எடுத்தது போல ஆடிக்கொண்டிருந்தது.

வைஜெயந்தி தன் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, அதைத் தூணுக்குக் கொண்டுபோனாள்.

சரியாக அந்த நூல்.

அதற்கு மேலே, இரண்டு விரல் தள்ளி, இன்னொரு ஆணி. புது ஆணி. அதில் நூல் இல்லை.

பின்னால் துணி கிழிபட்டது. பேலிலிருந்து கெஜம் அளந்து, நுனியில் கத்திரி வைத்து, இரண்டு கையாலும் இழுக்கும் அந்தப் பழைய டர்ர்ர். அவள் விருட்டென்று திரும்பினாள். டார்ச் வெளிச்சத்தில் வெறும் தட்டு. வாசனை மூச்சை அடைத்தது.

"கார்த்திகா?"

சப்பு. சப்பு. தூணுக்கு அந்தப் பக்கம். பிறகு நின்றது.

"கார்த்திகா, வாடி. போலாம்."

"இரும்மா." குழந்தை சிரிக்கும் குரல். பிறகு வேறு யாரிடமோ, மரியாதையாக, தணிந்து: "இப்படியா? நேரா நிக்கணுமா?"

போன் அணைந்தது.

வைஜெயந்தி கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். பெஞ்சு முழங்காலில் இடித்தது. ஒட்டடை வாயில் அப்பியது. தூண் எங்கே? தொட்டதெல்லாம் தட்டு. தட்டில் மடித்து மடித்து அடுக்கிய துணி, விறைப்பாக, புதிதாக. சற்று முன் அங்கே ஒன்றுமில்லை. இருட்டில், மிக அருகில், டொக் டொக்கென்று சின்னச் சுத்தியல் ஆணியில் விழும் சத்தம்.

"கண்ண மூடிட்டேன்" என்றது கார்த்திகாவின் குரல்.

"யாருகிட்டடி பேசற? கார்த்தி! எங்க இருக்க?"

இருட்டைத் துழாவிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். முருகா, என் பிள்ளையைக் கொடு என்று மட்டும் நெஞ்சு அடித்தது.

ஒரு சின்னக் கை அவள் கைக்குள் வந்து புகுந்துகொண்டது.

அவள் அதை இறுக்கிப் பிடித்தாள். உயிர் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, ஷட்டருக்கு அடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டை நோக்கி, இடித்துக்கொண்டு, இழுத்துக்கொண்டு ஓடினாள். குனிந்தாள். வெளியே வந்தாள். கடல் காற்று முகத்தில் அறைந்தது.

டெம்போவின் பின்னால் சிவபிரகாஷ் எதையோ கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "துணி ஏதாச்சும் கெடச்சுதா?"

"ஒண்ணும் வேணாம்ணே. மூடிருங்க. மொதல்ல மூடுங்க."

"பாப்பா வந்துட்டாளா?"

"இருக்கா" என்றாள் வைஜெயந்தி, டெம்போவின் நிழலில் நின்று, திரும்பாமலே கோத்த கையைத் தூக்கிக் காட்டி.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பூட்டு விழுந்தது. சிவபிரகாஷ் டெம்போவில் ஏறிக்கொண்டார். வண்டி தடதடத்துக்கொண்டு டாலிகஞ்ச் பக்கம் போனது. அதன் பின்விளக்கு வளைவில் மறையும் அதே நேரத்தில் தெருவிளக்குகளும் அணைந்தன. ஹேடோவில் கரண்ட் போவது புதிதல்ல. கீழே வார்ஃபின் விளக்குகள் மட்டும் தண்ணீரில் நடுங்கின.

அவள் சரிவில் ஏறினாள். பயம் தெரியாமலிருக்கப் பேசிக்கொண்டே ஏறினாள்.

"சொல்றதக் கேக்கறதில்ல நீ. இருட்டுல ஒளிஞ்சா வெளையாடுவாங்க? அப்பா வரட்டும், சொல்றேன் பாரு. தீபாவளிக்கு யூனிஃபார்மையே போட்டுக்கோ, போதும். புதுசும் வேணாம் ஒண்ணும் வேணாம். புதுசு போட்டு நான் வாழ்ந்தது போதாதா?" அவளுக்கு அந்தக் கடை மேல் வெறுப்பாக இருந்தது. கப்பல் ஊதியதும் ஓடி வந்த அத்தனை பிள்ளைகள் மேலும், அதில் முதலாவதாக ஓடிய தன் மேலும். நாளைக்கு ஜேசிபி வரட்டும். தூணைத்தான் முதலில் சாய்க்க வேண்டும். சாய்த்து எரிக்க வேண்டும்.

குழந்தை பதில் பேசவில்லை. எப்போதும் வாய் ஓயாத பிள்ளை. பயந்திருப்பாள் என்று வைஜெயந்தி கையை மெல்ல வருடினாள். கை காய்ந்திருந்தது. கஞ்சி போட்ட துணியின் விறைப்பு. புதுத்துணி வாசனை இன்னும் போகவில்லை. உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது போலும்.

இன்னும் கொஞ்ச தூரம் ஏறிய பிறகுதான் அவளுக்கு எது குறைகிறது என்று உறைத்தது.

சப்பு சப்பென்ற அந்தச் சத்தம் இல்லை.

"ஷூ எங்கடி?"

அடிகள் கேட்டன. அவளுடைய செருப்பு. அதோடு சேர்ந்து வெறுங்கால். அவள் காலெடுத்து வைக்கும்போது அதுவும் வைத்தது. அவள் தயங்கும்போது அதுவும் தயங்கியது.

"கார்த்திகா, ஷூவ எங்க விட்ட?"

கை அவள் விரல்களைச் சற்று இறுக்கியது. பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், ஆசையாக, ரகசியமாகக் கேட்டது:

"கப்பல் வந்துருச்சா?"

வைஜெயந்தி நின்றாள்.

அதுவும் நின்றது.

கீழே, சரிவின் அடியில், தகரம் அதிர்ந்தது. ஷட்டர். உள்ளிருந்து ஒருமுறை. மெல்ல. பொறுமையாக. அடங்கி நடக்கிற பிள்ளை தட்டுவது போல.

"அம்மா... கண்ணத் தெறக்கலாமா?"

அவள் கையை உதறினாள். வரவில்லை. மறு கையால் அந்த விரல்களைப் பிரித்தாள். அவை பிரியவில்லை. அவள் கைக்குள் அடங்கியிருந்த கை இப்போது அடங்கவில்லை. விரல்கள் நீண்டிருந்தன. அவள் கையை அவை மூடியிருந்தன.

டிக்.

தையல் ஒன்று விட்டது.

டிக். டிக். பக்கத்தில், இருட்டில், அவள் இடுப்பு மட்டத்திலிருந்து. பிறகு மார்பு மட்டத்திலிருந்து. உள்மடிப்பு பிரிந்தது. இரண்டு விரல் துணி விரிந்தது. அதுவும் தீர்ந்தது. பிறகு துணியே கிழிந்தது. டர்ர்ர். மூச்சு அவள் தோளில் பட்டது. பிறகு கழுத்தில். பிறகு காதில்.

தெருவிளக்கு வந்தது.

சிவப்பு. வெள்ளைக் கழுத்துப் பட்டி, கழுத்தை அறுத்துக்கொண்டு சதைக்குள் பதிந்து போயிருந்தது. உடுப்பின் கைகள் தோளோடு பிளந்து, பக்கங்கள் அக்குளிலிருந்து கிழிந்து தொங்க, எட்டு வயசு ஃபிராக்குக்குள் நாற்பது வயசு உடம்பு ஒன்று வைஜெயந்தியின் கையைக் கோத்துக்கொண்டு நின்றது. தாடையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு. மணிக்கட்டில் பச்சை நூல். தரையில் இரண்டு நிழல்கள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று மற்றதைவிட இரண்டு விரல் உயரம்.

"அம்மா?" கீழே ஷட்டர் மறுபடி அதிர்ந்தது. இப்போது அழுகை. "தெறக்கலாமா?"

வைஜெயந்தி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூடியிருந்த கண்களோடு பக்கத்திலிருந்த உருவம் சரிவின் அடியை நோக்கித் திரும்பி, அவளுடைய குரலிலேயே பதில் சொன்னது.

"தெறக்காதடி கண்ணு. இன்னும் கப்பல் வரல."